56 பின்களும் ஒரு சைக்கிள் டைனமோவும்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வளர்ந்த எங்கட வயதுக்காரரைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரு மூலை ஞாபகம் இருக்கும். டோனட் கடையின் மூலை, அபார்ட்மென்ட் கட்டடத்துக்குக் கீழே இருந்த சின்னக் கடையின் மூலை, கொயின் போட்டு உடுப்புத் தோய்க்கிற இடத்தின் மூலை. அங்கே ஆள் உயரத்தில் ஒரு கேம் மெசின் நிற்கும். யோங் தெருவில் ஃபன்லாண்ட் மாதிரிப் பெரிய ஆர்கேட் இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டு வேலை செய்த எங்கட அப்பாமாரில் யார் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனது? எங்களுக்கு மூலைதான். அம்மா உடுப்பு மெசினுக்கென்று எண்ணி வைத்த 25 சதக் குற்றிகளில் ஒன்று எப்படியோ எங்கள் கைக்கு வரும். மூன்று நிமிடத்தில் அது முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

அப்படி ஒரு மெசினை முழுதாகக் கழற்றி, வயரெல்லாம் புதிதாகப் போட்டு, விரும்பிய கேம் போர்டை மாற்றி மாற்றிப் போடக்கூடியதாகச் செய்தது பற்றித்தான் இந்தக் கட்டுரை. எலெக்ட்ரொனிக்ஸ் படித்தவர்களுக்காக எழுதவில்லை. பிள்ளைகளோடு சனி ஞாயிறில் என்ன செய்யலாம் என்று யோசிக்கிற, தமிழ் விளங்கினாலும் கதைக்க மாட்டேன் என்கிற பிள்ளைகளை வைத்திருக்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன். எனக்கும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். ஒன்பது வயது.

மெசின் கிஜிஜியில் கிடைத்தது. ஸ்காபரோவில் ஒருவர் தன் கராஜைத் துப்புரவாக்கப் போட்டிருந்தார். 350 டொலர், நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நூறு கிலோவுக்குக் குறையாத பாரம். நாலு பேர் சேர்ந்து வானில் ஏற்றிப் பேஸ்மென்ட் படியில் இறக்கினோம். மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "உது வேலை செய்யுமோ?" செய்யாது என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

இந்தப் பெட்டிகளைப் பற்றி முதலில் விளங்க வேண்டியது இதுதான். பெட்டி வேறு, கேம் வேறு. பெட்டிக்குள் ஒரு பழைய குழாய் மொனிட்டர், ஜோய்ஸ்டிக்கும் பட்டன்களும் பூட்டிய பலகை, காசு விழும் கதவு, ஸ்பீக்கர், மின்சாரத்தை 5 வோல்ட்டாகவும் 12 வோல்ட்டாகவும் மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளை, இவ்வளவுதான். கேம் என்பது உள்ளே ஒரு பக்கச் சுவரில் திருகப்பட்டிருக்கும் தனிப் போர்டு. பெட்டி வீடு என்றால் போர்டு வாடகைக்கு இருக்கும் குடும்பம். குடும்பம் மாறலாம், வீடு அப்படியே நிற்கும்.

ஆரம்பத்தில் அந்த மாற்றம் லேசாக இருக்கவில்லை. 1980இல் வந்த பக்மேன் போர்டுக்கு நம்கோ வைத்தது 44 பின் கொண்ட ஒரு கனெக்டர். வேறு கம்பெனியின் போர்டுக்கு வேறு கனெக்டர், வேறு ஒழுங்கு. கடைக்காரர் புதிய கேம் போட வேண்டுமென்றால் ஒன்றில் முழுப் பெட்டியையும் புதிதாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் யாரையாவது பிடித்து உள்ளே இருக்கிற வயரையெல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும். 1985இல் ஜப்பானில் கேம் மெசின் உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது ஒழுங்கைக் கொண்டுவந்தது. சங்கத்தின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஜாமா என்கிறார்கள். போர்டின் ஒரு விளிம்பில் மேலே 28, கீழே 28, மொத்தம் 56 பின். எந்தப் பின்னில் எது வர வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போட்டிக் கம்பெனியாக இருந்தாலும் பெரும்பாலும் அதே விளிம்புதான். பழைய போர்டைக் கழற்று, புதியதைச் செருகு. மென்பொருள் வேலையில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். எங்கட ஒபிஸில் இரண்டு குழுக்கள் ஒரு இன்டர்ஃபேஸுக்கு ஒத்துக்கொள்ள ஆறு மாதம் போகிறது.

என்னுடைய பெட்டி ஜாமா காலத்தது. ஆனால் முப்பது வருடத்தில் எத்தனையோ கைகள் உள்ளே போய் வந்திருந்தன. வெட்டி முறுக்கிய வயர், அதன் மேலே கறுப்பு ரேப், ரேப்பின் மேலே இன்னொரு ரேப். எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரியாத நாலைந்து மஞ்சள் வயர்கள். மொனிட்டரை அணைத்திருந்தாலும் கண்ணாடியில் 'இன்சேர்ட் கொயின்' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. வருடக்கணக்காக ஒரே படம் நின்றால் குழாயின் உட்பூச்சு அந்த இடத்தில் எரிந்துபோகும்.

லேசான வழி ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரு எல்சிடியும் உள்ளங்கையளவு ராஸ்பெரி பையும் வைத்தால் ஒரு பின்னேரத்தில் ஆயிரம் கேம் ஓடும். பழைய போர்டுகளைப் போலவே நடிக்கிற மேம் என்ற மென்பொருள் 1997இலிருந்தே இருக்கிறது. அப்படிச் செய்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பிள்ளைக்குப் பார்க்க என்ன இருக்கிறது? பட்டனை அமத்தினால் ஏதோ நடக்கிறது, அவ்வளவுதான். வயர் போட்ட பெட்டியில் ஏன் நடக்கிறது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்க்கலாம். அதோடு ஜாமா வயரிங்கை ஒழுங்காகப் போட்டு வைத்தால் பிறகு விருப்பப்பட்டால் அதே கனெக்டரில் ராஸ்பெரி பையையும் பூட்டலாம். அதற்கென்றே சின்னப் போர்டு விற்கிறார்கள். குழாய் மொனிட்டரைத் தூக்கிப் போட்டால் திரும்ப வாங்க முடியாது. அதைப் புதிதாக இப்போது யாரும் செய்வதில்லை.

மொனிட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. இதை மட்டும் பகிடியாக எடுக்க வேண்டாம். 19 அங்குல வண்ணக் குழாய் ஓடும்போது அதன் மேலே இருக்கிற ரப்பர் மூடிக்குக் கீழே 20,000 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாய் அந்த ஏற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய ரிவி திருத்திப் பழகிய ஒருவரைக் கூப்பிட்டு அதை இறக்கி, மொனிட்டரின் போர்டைச் சோதித்த பிறகுதான் நான் கை வைத்தேன். அவர் பின்பக்கம் வேலை செய்த நேரம் மகள் பேஸ்மென்டுக்கே வரக்கூடாது என்று சட்டம். பிளக் மாட்டியிருந்தால் பின்கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பது இரண்டாவது சட்டம். வயர் வேலை முழுக்கப் பிளக் இல்லாமல், மொனிட்டரைப் பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்துத்தான் நடந்தது.

அப்பா இதற்குள் எப்படி வந்தார் என்றால், பெட்டியின் பின்பக்கத் தகட்டில் இருந்த பெயரை வாசித்துத்தான். டைனமோ. டெக்சாஸில் இருந்த கம்பெனி அது. பூல் மேசை, ஃபூஸ்போல் மேசை செய்தவர்கள். எந்தக் கேமின் படமும் இல்லாத பொதுப்பெட்டிகளையும் செய்து விற்றார்கள். கடைக்காரர் போர்டை மாற்றி, மேலே பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் புதுக் கேம். வட அமெரிக்காவில் இந்தப் பெட்டிகள் எல்லா இடமும் நின்றன. அப்பாவுக்கு அதெல்லாம் தேவையில்லை. "டைனமோவோ?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "உதை ஆர் இப்பிடிக் குழப்பி வைச்சது?"

அடுத்த சனிக்கிழமை தன்னுடைய குறடும் சோல்டரிங் அயனும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

புதிய ஜாமா வயர்க்கட்டு முப்பது டொலருக்குள் ஒன்லைனில் கிடைக்கும். ஒரு முனையில் கனெக்டர், மறுமுனையில் வெறும் வயர்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறம். பவர் சப்ளை, ஃபியூஸ், வயரின் நுனியில் அழுத்திப் பூட்டுகிற தகரக் காதுகள் எல்லாம் விக்டோரியா பார்க்கில் இருக்கிற சயாலில் வாங்கினோம். முந்தி என்றால் குயின் தெருவில் வாசலில் கொரில்லா பொம்மை நிற்கும் ஆக்டிவ் சர்ப்ளஸுக்குப் போயிருப்பேன். அது மூடிப் பல வருடமாகிவிட்டது. அந்தக் கடையில் ஒரு பின்னேரத்தைத் தொலைக்காத ரொறன்ரோ எஞ்சினியர் குறைவு.

மகளின் வேலை வாசிப்பது. கையில் பின் அட்டவணை. அப்பப்பா வயரைப் பிடித்துக்கொண்டு "எத்தினை?" என்று கேட்பார். முதலில் அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும், முப்பது வருடம் இங்கே ஃபக்டரியில் வேலை செய்தவர். ஆனால் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். "என்ன பிள்ளை, எத்தினை?" மூன்றாம் தரம் அவள் "பதினெட்டு" என்றாள்.

பதினெட்டு என்றால் முதல் ஆளின் ஜோய்ஸ்டிக் மேலே. பத்தொன்பது கீழே. இருபது இடது. இருபத்தொன்று வலது. இருபத்திரண்டிலிருந்து இருபத்துநாலு வரை பட்டன்கள். இரண்டாம் ஆளுக்கு அதே வரிசை, போர்டின் மறுபக்கத்தில். அந்தப் பக்கத்துக்கு எண் இல்லை, ஆங்கில எழுத்து. ஜி, ஐ, ஓ, கியூ நான்கையும் விட்டுவிட்டிருப்பார்கள், வேறு எழுத்தோ எண்ணோ என்று கண் மயங்காமல் இருக்க. ஏழாவது இடத்தில் பின்னே இல்லை. போர்டின் விளிம்பில் ஒரு வெட்டு, கனெக்டரில் ஒரு தடுப்பு. தலைகீழாகச் செருக முடியாதபடி ஒரு காவல். தலைகீழாகப் போனால் போகக்கூடாத இடத்துக்கு மின்சாரம் போய் போர்டு சாம்பல்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதச் சொன்னால் அவள் எழுதுவாள். ஆனால் ஒருவர் கேட்டு, அவருக்கு உண்மையாகவே அந்த எண் தேவைப்பட்டு, இவள் சொல்லி, அவர் அதை வைத்து ஒரு வேலை செய்கிறார் என்பது இதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். நிறங்களும் அப்படித்தான். சிவப்பு, பச்சை, நீலம் தெரியும். செம்மஞ்சள், கபிலம், சாம்பல் எல்லாம் வயரோடு சேர்ந்து வந்தன. "கபிலத்தில வெள்ளைக் கோடு" என்று கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு இரண்டு வாரத்தில் வந்துவிட்டாள். ஒவ்வொரு வயரிலும் ஒரு சின்ன வெள்ளை ரேப் சுற்றி மேல், கீழ், இடது, வலது, காசு, தொடக்கம் என்று அவளே எழுதி ஒட்டினாள். 'தொடக்கம்' என்பது அப்பாவின் மொழிபெயர்ப்பு. நான் 'ஸ்டார்ட்' என்றே விட்டிருப்பேன்.

பட்டன் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவரே விளக்கினார். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ஒரு சின்ன சுவிட்ச். அதன் ஒரு காதிலிருந்து போர்டுக்குத் தனி வயர். மற்றக் காதுகள் எல்லாவற்றையும் ஒரே கறுப்பு வயர் பூமாலை மாதிரிக் கோர்த்துக்கொண்டு போய் கிரவுண்டில் முடியும். அமத்தினால் அந்தப் பின் கிரவுண்டைத் தொடும். போர்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்துக்கு மேற்பட்ட சுவிட்சுக்குத் திரும்பி வர ஒரே வழி. "எங்கட சைக்கிள் மாதிரி" என்றார் அப்பா.

எந்தச் சைக்கிள் என்று மகள் கேட்டாள். எனக்கும் அரைகுறையாகத்தான் ஞாபகம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. மண்ணெண்ணெய் விலை கேட்க முடியாது. ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு எண்ணெய் விட்டுத்தான் இரவு. ஆனால் நியூஸ் கேட்காமல் இருக்க முடியுமா? பிபிசி தமிழோசை, வெரித்தாஸ் இரண்டும் வேண்டும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டயரில் உரசும் டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் போகும். டைனமோவிலிருந்து வருவது ஒரு வயர்தான். மற்ற முனை சைக்கிளின் இரும்புச் சட்டமே. அதைத்தான் அப்பா சொன்னார். டைனமோ தருவது ஏசி, ரேடியோவுக்கு வேண்டியது டிசி. செத்த ரேடியோ ஒன்றிலிருந்து நாலு டயோட்டைக் கழற்றி, ஒரு கப்பாசிற்றரும் சேர்த்து இடையில் போட்டாராம். "கொப்பர்தான் பெடல் சுத்த அடம்பிடிப்பார். கை உளைஞ்சு அவர் மெதுவாச் சுத்தினால் நியூஸ்காரற்ற குரல் இறங்கிப் போடும். கத்துவன், 'தம்பி, சுத்து சுத்து' எண்டு."

மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது நாலு வயது, ஐந்து வயது இருக்கும். பெடலின் குளிர்ந்த இரும்பு ஞாபகம் இருக்கிறது. நியூஸில் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் இல்லை.

"அந்த றேடியோ எங்க?" என்றாள். தமிழில்.

"விட்டிட்டு வந்திட்டம்" என்றார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே வெளிக்கிட்ட இரவில் சைக்கிளில் அம்மாவும் மூட்டையும் நானும். றேடியோவுக்கு இடமில்லை. டைனமோ மட்டும் சைக்கிளோடு தென்மராட்சி வரை வந்தது. அதற்கு மேலே அவர் சொல்லவில்லை. "அடுத்தது எத்தினை?" என்று கேட்டார். இருபத்தைந்து.

இந்தக் கதையை என்னிடம் அவர் இவ்வளவு விபரமாகச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. மேசையின் எதிர்ப்பக்கம் இருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ தெரியாது. கையில் வயர் இருந்தது, கண் வயரில் இருந்தது, கதை தன்பாட்டில் வந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை மின்சாரம் கொடுத்தோம். போர்டைப் போடாமல் முதலில் கனெக்டரில் வோல்ட்டை அளக்க வேண்டும் என்பதில் அப்பா பிடிவாதம், அது சரியும்கூட. மூன்றாம் நாலாம் பின்களிலும் அவற்றின் மறுபக்கத்திலும் 5 வோல்ட் வர வேண்டும். கால் வோல்ட் கூடினாலே பழைய சிப்புகளுக்கு ஆபத்து. குறைந்தால் கேம் திடீர் திடீரென்று முதலிலிருந்து தொடங்கும். மெல்லிய வயரில் வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும் என்பதால் பவருக்கும் கிரவுண்டுக்கும் தடித்த வயர். போர்டைப் பூட்டிய பிறகு, பின்கதவுக்கு வெளியே நீட்டி விட்ட மீட்டர் வயரில் திரும்ப ஒருக்கா அளந்தோம். 5.05.

முதல் போர்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. கேப்கொம், 1991. படம் வந்தது, சத்தம் வந்தது. ஆனால் வெள்ளையாக இருக்க வேண்டிய எழுத்தெல்லாம் ஊதாவாக வந்தது. நான் மொனிட்டரைச் சந்தேகித்தேன். மகள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்: "அப்பப்பா, பச்சை காணேல்லை." சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் மொனிட்டருக்குப் போகின்றன. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை, பச்சை விழுந்தால் ஊதா. பிளக்கைக் கழற்றிப் போர்டை எடுத்துப் பார்த்தால் பச்சை வரும் பின் மட்டும் கறுத்துப் போயிருந்தது. அப்பா அவளுடைய பென்சில் பெட்டியிலிருந்து அழிரப்பரை எடுத்து அந்தப் பின்னை நாலு தரம் தேய்த்தார். திரும்பப் போட்டால் வெள்ளை.

ஜாமா ஒரு ஆளுக்கு மூன்று பட்டனுக்குத்தான் இடம் ஒதுக்கியது. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு வேண்டும். மூன்று குத்து ஜாமா விளிம்பால் போகும், மூன்று உதைக்கும் போர்டில் தனியாக இன்னொரு சின்னக் கனெக்டர் இருக்கிறது. அதற்கு ஒரு தனி வயர்க்கட்டு செய்தோம். எஸ்என்கேயின் நியோ ஜியோ போர்டு, 1990இல் வந்தது, இன்னொரு விதம். அதற்கு நாலு பட்டன். நாலாவதை 25ஆம் பின்னில் வைத்திருக்கிறார்கள். நியோ ஜியோவில் போர்டை மாற்றவே தேவையில்லை, கசெட் மாதிரிக் கேமை மட்டும் மாற்றலாம். இந்த இரண்டும் இப்போது எங்கள் வீட்டில் மாறி மாறி ஓடுகின்றன. மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். பிளக்கைக் கழற்றுவது நான், போர்டைக் கழற்றிப் பூட்டுவது மகள்.

போர்டில் இருக்கும் சின்ன சுவிட்சுகளை மாற்றினால் காசில்லாமல் விளையாடலாம். மாற்றவில்லை. காசுக் கதவு 16ஆம் பின்னில் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை மகளுக்கும் தம்பிக்கும் நாலு நாலு 25 சதக் குற்றி. முடிந்தால் முடிந்ததுதான், பெட்டியைத் திறந்து திரும்ப எடுக்கக் கூடாது. ஐபேடைப் பறிப்பதற்கு வீட்டில் தினமும் நடக்கும் சண்டை இதில் இல்லை. தோற்றால் மெசினே போகச் சொல்லிவிடும், நான் கெட்டவனாக வேண்டியதில்லை. தம்பி நாலு குற்றியையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அக்கா விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அடுத்தது பக்மேன். இது லேசில்லை. 44 பின்னை 56க்கு மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு அடாப்டர் செய்ய வேண்டும். மொனிட்டரை 90 பாகை திருப்பிப் பூட்ட வேண்டும், பக்மேன் நெடுக்கான திரைக்குச் செய்தது. எல்லாவற்றையும் விடக் கரைச்சல், அந்தப் போர்டுக்கு 5 வோல்ட் டிசி கொடுக்க முடியாது. அது ஏழு வோல்ட் போல ஏசியை எடுத்துத் தன்னுடைய போர்டிலேயே டிசியாக்கிக்கொள்ளும். தனியாக ஒரு டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். இதை நான் சொன்னதும் அப்பா போர்டை வெளிச்சத்தில் பிடித்து டயோட் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டார்.

டிரான்ஸ்ஃபோமர் வாங்கியாயிற்று. அடாப்டருக்கான படத்தை அப்பா ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கீறி வைத்திருக்கிறார், பின்களுக்குப் பக்கத்தில் மகளின் எழுத்து. ஆனால் அவருடைய வலது கண்ணுக்குப் புரை எடுக்க மே மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள். சின்ன ஈயப் பொட்டுகளை இப்போது சரியாகப் பார்க்க முடியவில்லை என்கிறார். நான் ஒட்டட்டுமா என்று கேட்டேன். "நீ மாஸ்டர்ஸ் படிச்சனி, உன்ர கொம்பியூட்டரைப் பார்" என்றார். மகள் படத்தை மடித்துப் பெட்டியின் காசுக் கதவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். திறப்பு அவளிடம் இருக்கிறது.